விஷம் எந்த வழியாக உள்ளே போகிறது? நெல்லிலும் வாழையிலும் நான் பார்த்தவை

வயலில் ஏதாவது நோய் தெரிந்தால் எங்கள் பக்கம் முதலில் வரும் கேள்வி, "என்ன மருந்து அடிக்க?" என்பதுதான். நான் இப்போதெல்லாம் வேறு ஒன்றை முதலில் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கிருமி எந்த வழியாக உள்ளே போகிறது? போனபிறகு தன் நச்சை எப்படிச் செலுத்துகிறது? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எதை அடிப்பது, எப்போது அடிப்பது, எதை அடித்தும் பயனில்லை என்பதெல்லாம் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

நான் பாளையங்கோட்டையில் நுண்ணுயிரியல் படித்தேன். சில வருஷம் வெளியூரில் ஆய்வகத்தில் வேலை. அப்பாவுக்கு முன்புபோல வயலில் நிற்க முடியாமல் போனதும் ஊருக்கு வந்து விவசாயத்தைக் கையில் எடுத்தேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பள்ளத்தில் நெல், மேட்டில் வாழை. பாடத்தில் படித்ததையெல்லாம் வயலில் நேரில் பார்க்கும்போதுதான் அதன் முழு அர்த்தம் பிடிபட்டது.

ஒரு பாக்டீரியாவின் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். பல்லும் கிடையாது, கொடுக்கும் கிடையாது. அது ஒரு வயலையே காயவைக்கிறது என்றால், அது தயாரிக்கிற புரதங்களை வைத்துத்தான். அந்தப் புரதம் கிருமிக்குள் இருக்கும்வரை யாருக்கும் கெடுதல் இல்லை. எதிராளியின் செல்லைத் தொட வேண்டும், பல நேரம் செல்லுக்கு உள்ளேயே போயாக வேண்டும். செல்லைச் சுற்றிக் கொழுப்புச் சவ்வு இருக்கிறது. செடியாக இருந்தால் அதற்கும் வெளியே கெட்டியான சுவர் வேறு. இதைத் தாண்டுவதற்குச் சில பாக்டீரியாக்கள் ஊசி வைத்திருக்கின்றன. சில, தின்னப்படும்வரை காத்திருக்கின்றன. சில இன்னொரு உயிரின் வயிற்றில் ஏறிப் போகின்றன. சில நச்சை வெளியே கொட்டிவிடும், அந்த நச்சே வழி கண்டுபிடித்துப் போய்விடும். இந்த நான்குமே எங்கள் நிலத்தில் இருக்கின்றன.

ஊசி வைத்திருப்பதை நெல்லில் பார்த்தேன். பிசானம் என்று நாங்கள் சொல்லும் நெல் பருவத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை அடித்துப் பெய்யும். கூடக் காற்றும் சேர்ந்துகொண்டால் நெல் இலைகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். மழை வெறித்த கொஞ்ச நாளில் இலை ஓரத்தில், நுனிக்குச் சற்றுக் கீழே, நீர் கோத்த மாதிரி ஒரு கோடு விழும். அது மஞ்சளாகி, நெளிநெளியான விளிம்போடு கீழே இறங்கி, வைக்கோல் நிறத்தில் காய்ந்துபோகும். பாக்டீரியா இலைக்கருகல் என்பது இதுதான். சாந்தோமோனஸ் ஒரைசே என்ற கிருமியின் வேலை.

அடுத்த வயல் அண்ணாச்சி வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "சத்துக் கொறவுதான் தம்பி. ரெண்டு கை யூரியாவ கூடப் போடு, பச்ச கட்டிரும்" என்றார். அவர் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. சாம்பல்சத்துக் குறைந்தாலும் இலை ஓரம் இப்படித்தான் காயும், கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். ஆனால் பிரித்துத்தான் ஆகவேண்டும். இலைக்கருகல் வந்த வயலில் யூரியாவைப் போட்டால் நோய் இன்னும் வேகமாகப் பரவும்.

பிரிப்பதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. காய்ந்த பகுதியும் பச்சையும் சேருகிற இடத்தில் இலையைச் சின்னத் துண்டாக வெட்டுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீருக்குள் இருக்கும்படி துண்டைப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து மெல்லிய, கலங்கலான இழை ஒன்று கீழே இறங்கும். இலையின் நீர்க்குழாயில் அடைந்துகிடந்த பாக்டீரியாக்கள்தான் அப்படிக் கொட்டுகின்றன. சத்துக்குறைவில் இந்த இழை வராது. அண்ணாச்சியைத் திண்ணையில் உட்காரவைத்து இதைக் காட்டினேன். டம்ளரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யூரியாப் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை. அதிகாலையில் வயலுக்குப் போனால் நோய் கண்ட இலையில் பால் நிறத்தில் சின்னச் சின்னத் துளிகளையும் பார்க்கலாம். வெயில் ஏற ஏற அவை காய்ந்து மஞ்சள் மணிகளாக ஒட்டிக்கொள்ளும். அதுவும் பாக்டீரியாதான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? நெல் இலையின் ஓரத்தில், விடியற்காலை நீர் கசிகிற நுண்துளைகள் இருக்கின்றன. அந்தத் துளை வழியாகவோ, காற்றில் கிழிந்த காயம் வழியாகவோ கிருமி நுழைந்து நீர்க்குழாயைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் நீர்க்குழாயில் ஓடுவது பெரும்பாலும் வெறும் தண்ணீர். தின்பதற்குச் சர்க்கரை வேண்டுமே. சர்க்கரை இருப்பது பக்கத்துச் செல்களுக்குள். இங்கேதான் ஊசி வேலை செய்கிறது. மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று அதற்குப் பெயர். பாக்டீரியாவின் உறைகளை ஊடுருவி நிற்கும் ஓர் அடித்தளம், அதிலிருந்து வெளியே நீளும் ஒரு குழல், எல்லாமே புரதத்தால் ஆனவை. உள்துளையின் அகலம் இரண்டு மூன்று நானோமீட்டர்தான். அதில் நுழைய வேண்டுமென்றால் புரதம் தன் மடிப்பைப் பிரித்து நூலாக நீண்டாக வேண்டும். நமக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்குகிற சால்மொனெல்லா, ஷிகெல்லா கிருமிகளுக்கும் இதே வகை ஊசி உண்டு. சால்மொனெல்லாவின் ஊசியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வெளியிட்டது 1998-இல். செடியைத் தாக்கும் கிருமிகளுக்குச் செல்சுவரையும் கடக்கவேண்டி இருப்பதால் குழல் இன்னும் நீளம்.

ஊசி வழியாகப் போகிற சரக்கு என்னவென்று தெரிந்தபோது நான் அசந்துபோனேன். அதில் ஒரு வகைப் புரதம் நேராக நெல் செல்லின் உட்கருவுக்குள் போய், டிஎன்ஏவில் தனக்கென்று உள்ள இடத்தைத் தேடி உட்கார்ந்து, சர்க்கரையை வெளியே விடும் வாயில்களைச் செய்கிற மரபணுவை முடுக்கிவிடுகிறது. அந்த மரபணுக் குடும்பத்துக்கு ஸ்வீட் என்றே பெயர். செல் தன் சர்க்கரையைத் தானே வெளியே விடுகிறது, கிருமி தின்று பெருகுகிறது. பயிரைக் கொல்லும் நச்சு என்று இதைச் சொல்வதைவிட, பயிரையே தனக்குச் சோறு போடவைக்கும் ஆணை என்று சொல்லலாம். அந்தப் புரதம் டிஎன்ஏவில் இடம் தேடும் முறையை 2009-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அதை வைத்தே மரபணுவைத் திருத்தும் கருவி ஒன்றும் உருவானது.

இந்த விவரம் விவசாயிக்கு எதற்கு என்று கேட்கலாம். என் வயலில் நான் மாற்றிய ஒவ்வொன்றும் இதிலிருந்து வந்ததுதான்.

முதலாவது, நாற்றின் நுனி. வயது கூடிய நாற்றாக இருந்தால் நடவுக்கு வருகிறவர்கள் நுனியைக் கிள்ளிவிட்டு நடுவார்கள். "கிள்ளாம நட்டா காத்துல சாயும்லா தம்பி" என்று நடவுக்கு வரும் அத்தை சொல்வார். அது உண்மைதான். குருத்துப்பூச்சியின் முட்டைக்குவியல் இலை நுனியில் இருப்பதால் கிள்ளி எறியச் சொல்லி வேளாண்மைத் துறையும் பரிந்துரைக்கிறது. ஆனால் கிள்ளிய ஒவ்வொரு நுனியும் திறந்த காயம். இலைக்கருகல் வழக்கமாக வருகிற வயலில் அந்தக் காயத்தை நாமே உண்டாக்கித் தரக்கூடாது. அதனால் நான் நாற்றை இளசாகவே பறித்துவிடுகிறேன், கிள்ளவேண்டிய தேவையே வருவதில்லை. குருத்துப்பூச்சித் தொல்லைதான் உங்களுக்குப் பெரிது, இலைக்கருகல் வருவதே இல்லை என்றால் கிள்ளிக்கொள்ளுங்கள். இரண்டும் இருந்தால் இலைக்கருகலுக்குத்தான் நான் பயப்படுவேன்.

இரண்டாவது, தழைச்சத்து. யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் மூன்று நான்கு தடவையாகப் பிரித்துப் போடுகிறேன். நோய் தெரிந்தால் அடுத்த தவணையை நிறுத்திவிடுவேன். சாம்பல்சத்தைக் குறைப்பதில்லை.

மூன்றாவது, தண்ணீர். எங்கள் பக்கம் ஒரு வயலின் மடையிலிருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் பாய்வது காலங்காலமான வழக்கம். நோயுள்ள வயலின் தண்ணீரோடு கிருமியும் கீழ் வயலுக்குப் போகும். நோய் கண்டால் மடையை அடைத்து, வாய்க்காலிலிருந்து நேராகப் பாய்ச்ச வேண்டும். இதற்கு மேல்வயல்காரரிடமும் கீழ்வயல்காரரிடமும் நல்லபடியாகப் பேசிவைத்துக்கொள்வது மருந்தைவிட முக்கியம். இலை நனைந்திருக்கும்போது வயலுக்குள் இறங்கிக் களை எடுக்கவும் கூடாது. கையிலும் துணியிலும் ஒட்டிப் பரவும்.

இனி மருந்து. கிருமி நீர்க்குழாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது. இலையின் மேல் தெளிக்கிற தாமிர மருந்து அங்கே போய்ச் சேராது. வெளியே உள்ள கிருமி மேலும் பரவாமல் கொஞ்சம் தடுக்கலாம், அவ்வளவுதான். கடையில் ஆன்டிபயாடிக் பொட்டலம் எடுத்துக் கொடுப்பார்கள். மனிதனுக்குக் கொடுக்கிற மருந்தை ஊர் முழுக்க வயலில் தெளித்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும், அப்புறம் ஆஸ்பத்திரியில் அதே மருந்து கேட்காமல் போகும். நான் அதை வாங்குவதில்லை. வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற 20 சதவீதப் புதுச் சாணிக் கரைசலைத் தெளிவாக வடிகட்டி அடிக்கிறேன். விதையை ஊறவைக்கும்போது கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனஸ் என்ற நல்ல பாக்டீரியாப் பொடியைக் கலந்துவிடுகிறேன். நோய் முற்றியபிறகு அடிப்பதைவிட, மழைக்கு முன் செய்துவைக்கிற இந்தச் சின்ன வேலைகளில்தான் பலன் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு ரகம்தான். பிபிடி 5204, நம் பக்கம் ஆந்திரா பொன்னி என்று போடுவது, இந்த நோய்க்கு எளிதில் விழும். அதையே நோய் தாங்கும்படி மாற்றி ஹைதராபாத்தில் இரண்டு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய மேம்பட்ட சம்பா மசூரி 2008-இல் வெளிவந்தது. ஒட்டுச்சேர்க்கை முறையில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒன்று ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. இன்னொன்று நான் மேலே சொன்ன சர்க்கரை வாயில் மரபணுதான். அதன் தொடக்கப் பகுதி மாறியிருப்பதால் கிருமியின் புரதத்துக்கு அங்கே உட்கார இடம் கிடைப்பதில்லை. ஊசி குத்துகிறது, சரக்கும் போகிறது, ஆனால் சர்க்கரை வருவதில்லை. இலைக்கருகல் அடிக்கடி வருகிற இடத்தில் அடுத்த பிசானத்துக்கு ரகம் தேர்ந்தெடுக்கும்போது, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் "கருகலுக்குத் தாங்குமா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தின்னப்படுவதற்காகக் காத்திருக்கும் பாக்டீரியா, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். சுருக்கமாகப் பிடி, பருத்தியால் எல்லாருக்கும் தெரிந்த பெயர். இந்தியாவில் பிடி பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது, பிடி கத்தரிக்காய் 2010-இல் நிறுத்திவைக்கப்பட்டது. நான் சொல்வது செடிக்குள் மரபணு வைத்த பிடியை இல்லை, பொடியாகவும் திரவமாகவும் கடையில் கிடைக்கிற உயிருள்ள பாக்டீரியாவை. 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழு செத்துக்கொண்டிருந்ததை ஆராயும்போது இஷிவாத்தா என்பவர் முதலில் இதைக் கண்டார்.

இதற்கு ஊசியே கிடையாது. உறங்குநிலை வித்து உண்டாகும்போது கூடவே ஒரு புரதப் படிகத்தையும் செய்துவைத்துவிட்டுச் சும்மா கிடக்கும். புழு இலையோடு சேர்த்து அதைத் தின்கிறது. புழுவின் நடுக்குடல் கடுமையான காரத்தன்மை உள்ளது. அங்கே படிகம் கரைகிறது, குடலின் செரிமானப் புரதங்கள் அதை வெட்டி வீரியமாக்குகின்றன, அது குடற்செல்லின் மேல் தனக்கான பிடிப்பிடத்தில் ஒட்டிக்கொண்டு துளை போடுகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சாவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். நம் வயிறு அமிலம், அந்தப் பிடிப்பிடமும் நமக்கு இல்லை. அதனால் நமக்கு அந்த நச்சு வேலை செய்யாது.

இதிலிருந்து வயலுக்கு வருகிற பாடங்கள் நேரானவை. அடித்த மறுநாள் புழு உயிரோடு இருக்கிறதே என்று பதறி வேறு விஷத்தை அடிக்கக்கூடாது. இலை புதிதாகக் கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் கணக்கு. புகையான், அசுவினி மாதிரிச் சாறு உறிஞ்சுகிறவற்றுக்கு இதை அடிப்பது காசுக்குக் கேடு, அவை இலையைத் தின்பதில்லை. வெயிலின் புறஊதாக் கதிர் இதைச் சீக்கிரம் கெடுத்துவிடும் என்பதால் சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு எனக்குக் கைகொடுத்தது. கத்தரியில் புழு காய்க்குள் போய்விட்டால் ஒன்றும் நடக்காது, அது மேல்தோலைத் தின்பதே கொஞ்ச நேரம்தான்.

வாழைக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் மேட்டில் ஏத்தன் வாழை, மற்ற ஊர்களில் நேந்திரன் என்பார்கள். ஏத்தனுக்குத் தண்டுக் கூன்வண்டு பெரிய எதிரி. தண்டில் குண்டூசித் தலை அளவு துளைகள், அதிலிருந்து பசை வடிந்து நிற்கும். உள்ளே வெள்ளைப் புழு குடைந்துகொண்டே போகும். தார் போடும் நேரத்தில் காற்றடித்தால் மரம் நடுவில் முறிந்து விழும். அதற்குப் பூச்சிக்கொல்லியை ஊசி போட்டுத் தண்டுக்குள் ஏற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பூச்சிகளைத் தாக்கும் நூற்புழுவைப் பயன்படுத்தலாம் என்று பார்த்தேன். வீட்டில் சொன்னதும் மாமா, "ஏம்ல, நூற்புழுவ ஒழிக்கத்தான் ஊரே காசு செலவழிக்கி. நீ காசு குடுத்து வாங்கியா வாழைல விடுத?" என்றார். நியாயமான பயம். வேரில் முடிச்சுப் போடுகிற நூற்புழு வேறு, இது வேறு. இது செடியைத் தொடாது. ஹெட்டெரோராப்டைட்டிஸ் இண்டிகா என்று பெயர். கோயம்புத்தூரில் கிடைத்ததை வைத்து 1992-இல் புது இனமாக விவரித்தார்கள். நம் மண்ணுக்கும் வெப்பத்துக்கும் பழகியது.

அரை மில்லிமீட்டர் நீளமுள்ள இந்தப் புழுவின் குடலில் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. நூற்புழு மண்ணில் நகர்ந்து பூச்சியின் வாய், ஆசனவாய், மூச்சுத்துளை வழியாக உள்ளே போகும். தோல் மெல்லிசாக இருந்தால் கிழித்துக்கொண்டும் போகும். உள்ளே போனதும் பாக்டீரியாவைக் கக்கிவிடும். மிச்ச வேலை பாக்டீரியாவுடையது. ஒன்றிரண்டு நாளில் பூச்சி செத்துப்போகும்.

பாக்டீரியா எப்படிக் கொல்கிறது என்பதில் ஒன்றுக்குமேல் வழி இருக்கிறது. அதன் ஒரு நச்சுக்கு ஆங்கிலத்தில் புழுவைத் துவளவைப்பது என்றே பெயர் வைத்தார்கள், 2002-இல். நான் பார்த்ததும் அதுதான். தொட்டால் சுருண்டு முறுக்குகிற புழு, தொய்ந்துபோய்க் கிடந்தது. இன்னொரு நச்சு பெரிய கூட்டுப் பொறி. ஐந்து ஒரே மாதிரிப் புரதங்கள் சேர்ந்து மணி வடிவத்தில் ஒரு கூடு, நடுவில் ஒரு குழல், மேலே மூடிய அறைக்குள் நொதி. பூச்சியின் செல்லில் ஒட்டியதும் வெளிக்கூடு திறந்து, குழல் செல்சவ்வுக்குள் பாய்ந்து, நொதி உள்ளே இறங்கிவிடும். செல்லுக்கு வடிவமும் அசைவும் தருகிற ஆக்டின் இழைகளை அது திரட்டிக் கட்டிவிடுகிறது. கிருமியை விழுங்கவேண்டிய காவல் செல்களுக்கு நகர முடியாமல் போகிறது. இதன் வடிவத்தை ஜெர்மனியில் டார்ட்மண்ட் நகரில் ஸ்டெஃபான் ராவுன்சரின் குழு 2013, 2014 ஆண்டுகளில் விளக்கிக் காட்டியது. இதுவும் போதாதென்று, சுருங்கிக் குத்தும் ஊசியைத் தனியாகச் செய்து வெளியே விடவும் ஃபோட்டோராப்டஸுக்குத் தெரியும். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் வாலுக்கு உறவு அந்த ஊசி. 2023-இல் அமெரிக்காவில் ஃபெங் ஜாங்கின் குழு அந்த ஊசியில் செல்லைப் பிடித்துக்கொள்ளும் நாரின் நுனியை மாற்றி, மனிதச் செல்களுக்குள்ளும் உயிருள்ள எலியின் மூளைச் செல்களுக்குள்ளும் தாங்கள் விரும்பிய புரதத்தைச் செலுத்திக் காட்டியது. என் வாழைத் தோட்டத்து மண்ணில் வேலை பார்க்கிற கிருமியிடமிருந்து நாளை ஒரு மருந்து வரலாம் என்று நினைக்கும்போது மனதுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

கடையில் வாங்கிய நூற்புழுப் பொடியில் உயிர் இருக்கிறதா என்று நான் முதலில் சோதிப்பேன். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, ஒரு சொட்டைக் கைலென்ஸில் பார்ப்பேன். உயிருள்ளவை நெளியும். விறைத்து நேராகக் கிடந்தால் செத்தது. பெரும்பாலானவை நேராகக் கிடந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வெயிலில் வண்டியில் வைத்துக் கொண்டுவந்தாலே செத்துப்போகும்.

தேனீப் பெட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து மெழுகுப் புழு வாங்கி, ஈரத்தாள் விரித்த டப்பாவில் நூற்புழுவோடு போட்டும் பார்த்தேன். செத்த புழு அழுகவில்லை, நாற்றமும் இல்லை. செங்கல் நிறத்துக்கு மாறியது. மற்றக் கிருமிகளை அண்டவிடாத பொருள்களை இந்தப் பாக்டீரியா சுரப்பதால்தான் உடல் கெடாமல் இருக்கிறது. இருட்டறையில் கண் பழகும்வரை உட்கார்ந்திருந்தால் அந்தப் புழு மங்கலாக ஒளிர்வதும் தெரியும். என் மகள் முதலில் பார்த்தாள், எனக்குத் தெரிய இன்னும் நேரம் ஆனது. செத்த புழுவை ஒரு தட்டில் ஈரத்தாள்மேல் வைத்து, அந்தத் தட்டைத் தண்ணீர் உள்ள பெரிய தட்டுக்குள் வைத்தால், பத்துப் பதினைந்து நாளில் அடுத்த தலைமுறை நூற்புழுக்கள் ஊர்ந்து தண்ணீருக்கு வந்துவிடும். ஒரு புழுவிலிருந்து பல்லாயிரம் வரும்.

வாழையில் பயன்படுத்துவதைச் சொல்கிறேன். அறுத்த வாழைத் தண்டை ஓர் அடித் துண்டுகளாக்கி நெடுக்கில் பிளந்து, வெட்டுமுகத்தில் நூற்புழுப் பொடியைத் தடவி, வெட்டுமுகம் தரையைப் பார்க்கும்படி மரத்தடியில் நிழலில் கவிழ்த்துவைக்க வேண்டும். வாழைத்தண்டு வாசனைக்கு வண்டு வந்து சேரும். சாயங்காலம், மண் ஈரமாக இருக்கும்போது வைக்க வேண்டும். தண்டு காய்ந்தால் மாற்ற வேண்டும். குருணை மருந்தைக் கூடவே போட்டால் நூற்புழுவும் செத்துவிடும். அப்படி வைத்த சில தண்டுத் துண்டுகளைப் புரட்டும்போது செங்கல் நிறத்தில் செத்த புழுக்களைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம், நிற்கிற மரத்தின் நடுத்தண்டுக்குள் ஏற்கெனவே குடைந்துபோன புழுவை நூற்புழு எட்டிப் பிடிக்கும் என்று நம்பாதீர்கள். அதற்கு ஈரமான வழி வேண்டும். தார் வெட்டியபிறகு தண்டை அப்படியே நிற்கவிடாமல் வெட்டிப் பிளந்து காயவைப்பதும், காய்ந்த சருகை அவ்வப்போது உரிப்பதும்தான் பாதி வேலை. வெட்டாமல் விட்ட தண்டு ஒவ்வொன்றிலும் அடுத்த தலைமுறை வண்டு வளரும். எங்கள் தோட்டத்தில் முறிந்து விழும் மரங்கள் குறைந்திருப்பதற்கு இரண்டும் சேர்ந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கடைசியாக மனுஷர்களைப் பற்றி. நச்சை வெளியே கொட்டிவிடுகிற வகைக்கு உதாரணம் டெட்டனஸ் கிருமி. துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் வரும் என்று ஊரில் நினைக்கிறார்கள். துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மண்ணிலும் சாணத்திலும் இதன் வித்து கிடக்கிறது. காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயம் இதற்கு வசதி. வாழைக்கத்தி பட்டாலும், மண்வெட்டி பட்டாலும், கருவேல முள் குத்தினாலும் ஆபத்து ஒன்றுதான். கிருமி காயத்தைவிட்டு நகர்வதே இல்லை. அதன் நச்சு மட்டும் நரம்பைப் பிடித்துக்கொண்டு தண்டுவடம்வரை ஏறி, தசையைத் தளர்த்தும் சமிக்ஞையை நிறுத்திவிடும். அதனால்தான் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைகிறது. நரம்புக்குள் போய்விட்ட நச்சை எந்த மருந்தாலும் திரும்ப எடுக்க முடியாது. வெளியே இருப்பதை மட்டுமே முறிக்க முடியும். தடுப்பூசி முன்கூட்டியே இருக்கவேண்டியதன் காரணம் இதுதான்.

காயம் பட்டால் மஞ்சளோ காப்பித்தூளோ சாணமோ வைத்து அடைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மண் பட்ட காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் திரும்பப் போடச் சொல்வார்கள். சுத்தமான சின்னக் காயத்துக்கு அந்தக் கணக்கு 10 வருஷம். சின்ன வயதில் தடுப்பூசியே போடாதவர்கள், போட்டோமா என்று தெரியாதவர்கள், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஒரு ஊசி போதாது.

எங்கள் வீட்டில் நடவுக்கும் வாழை வெட்டுக்கும் வருகிற எல்லாருடைய பெயரும், கடைசியாக எந்த வருஷம் ஊசி போட்டார்கள் என்பதும் ஒரு நோட்டில் இருக்கிறது. கேட்டபோது பாதிப் பேருக்கு, அதுவும் பெண்களுக்குக் கடைசிப் பிரசவத்தின்போது போட்டதுதான் நினைவில் இருந்தது. பிள்ளைகளோ இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். பிசான நடவு தொடங்குவதற்கு முன் அவர்களை ஒரு நாள் வண்டி வைத்து அழைத்துப் போய்வந்துவிடுகிறேன். அன்றைக்குக் கூலியும் உண்டு.